நான்கு வருடக் கணக்கும் நாற்பது பக்கக் கோப்பும்: குமரி மாவட்டக் கல்லூரி ஆசிரியர்களுக்கான பதவி உயர்வு வழிகாட்டி

ஜூன் மாதம் கல்லூரி திறந்து இரண்டு வாரம் ஆனதும் யாராவது ஓர் இளம் ஆசிரியர் பிளாஸ்டிக் பையோடு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார். வெளியே தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். பைக்குள் சான்றிதழ்கள், கட்டுரைகளின் நகல்கள், முகாம் புகைப்படங்கள், எதற்கென்று அவருக்கே தெரியாத நான்கைந்து பாராட்டு மடல்கள். "அடுத்த மாதம் எனக்கு நான்கு வருடம் முடிகிறது சார், என்ன செய்ய வேண்டும்?" என்பார். நாகர்கோவிலில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் முப்பது வருடம் பாடம் நடத்தியவன் நான். அதில் கடைசிப் பத்து வருடம், கல்லூரியின் தரத்தைக் கண்காணிக்கும் உள்தர உறுதிப் பிரிவைப் பார்த்துக்கொண்டேன். அந்தத் தகுதியில் ஒன்றைச் சொல்லலாம்: விதி கேட்பது நாம் பயப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் அதற்கான ஆதாரத்தை நாம் நினைப்பதைவிடக் கண்டிப்பாகக் கேட்கிறது. பெரும்பாலான கோப்புகள் தகுதி இல்லாமல் திரும்புவதில்லை. காகிதம் இல்லாமல்தான் திரும்புகின்றன.

இங்கே நான் அடிப்படையாகக் கொள்வது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஜூலை விதிமுறைகள். சி.ஏ.எஸ். என்று எல்லாரும் சொல்லும் பணி மேம்பாட்டுத் திட்டம் அதற்குள்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் எந்த விதியும் மாநில அரசாணை வழியாகவே நம் கல்லூரிக்குள் நுழையும். ஆகவே விதிநூலையும் அரசாணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் படி: நீங்கள் எந்த வரிசையில் நிற்கிறீர்கள்?

ஒரே பல்கலைக்கழக எல்லைக்குள், சில இடங்களில் ஒரே வளாகத்தில், நான்கு வகை ஆசிரியர்கள் இருக்கிறோம். திருநெல்வேலி மாவட்டத்து அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துறைகளில் பணியாற்றுகிறவர்களுக்கு ஒரு விதிப்பட்டியல். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ், மார்த்தாண்டம் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரி போன்ற உதவிபெறும் கல்லூரிகளிலும், கோணம் அரசு கலை அறிவியல் கல்லூரியிலும் நிரந்தரப் பணியில் இருக்கிறவர்களுக்கு வேறு பட்டியல். பல்கலைக்கழகத் துறைக்கான விதியைப் படித்துவிட்டுக் கல்லூரி ஆசிரியர்கள் வீணாகக் கலங்குவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அதே விதிநூலில் கல்லூரிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அது சற்று இளக்கமானது.

மூன்றாவது வகை சுயநிதிப் பிரிவினர். நான்காவது வகை கௌரவ விரிவுரையாளர்கள். மாவட்டத்துக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்களில் கணிசமானோர் இந்த இரண்டு வகையினர்தான். இந்த ஏணி சம்பளத்தோடு அவர்களுக்குக் கிடைப்பதில்லை. உண்மையை மறைத்து என்ன ஆகப்போகிறது? இருந்தாலும் கோப்பு வைக்கும் பழக்கம் அவர்களுக்கும் பயன்படும். நிரந்தரப் பணிக்கு அழைப்பு வரும் நாளில் முன்பணியைக் காட்டச் சொல்வார்கள். உரிய தகுதியோடு, முறையான தேர்வுக் குழுவின் வழியாக நியமிக்கப்பட்டு, உரிய சம்பளத்தில் வேலை பார்த்த முன்பணிதான் கணக்கில் வரும். நியமன ஆணையும் சம்பளச் சான்றும் அப்போது இல்லாவிட்டால் பத்து வருட உழைப்பும் காற்றோடு போய்விடும்.

இரண்டாம் படி: ஏணியின் அளவு

உதவிப் பேராசிரியராகச் சேரும்போது சம்பள நிலை 10, தொடக்கச் சம்பளம் 57,700 ரூபாய். அடுத்தது மூத்த நிலை, அதாவது நிலை 11, 68,900 ரூபாய். அதற்கு மேல் தேர்வுநிலை, நிலை 12, 79,800 ரூபாய். இந்த மூன்றிலும் பெயர்ப்பலகையில் உதவிப் பேராசிரியர் என்றே இருக்கும். நிலை 13ஏ வந்தால் இணைப் பேராசிரியர், 1,31,400 ரூபாய். நிலை 14-ல் பேராசிரியர், 1,44,200 ரூபாய். 12-லிருந்து 13ஏ-வுக்கு ஏறும்போதுதான் சம்பளம் ஒரேயடியாக உயர்கிறது என்பதைக் கவனியுங்கள். குழுக்களும் அந்தப் படியில்தான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்காருகின்றன.

காலக் கணக்கு இது: 10-லிருந்து 11-க்கு முனைவர் பட்டம் உள்ளவர் 4 ஆண்டுகளில் போகலாம். எம்.ஃபில். உள்ளவருக்கு 5 ஆண்டு, முதுகலைப் பட்டம் மட்டும் இருந்தால் 6 ஆண்டு. 11-லிருந்து 12-க்கு 5 ஆண்டு. 12-லிருந்து 13ஏ-வுக்கு 3 ஆண்டு, முனைவர் பட்டம் கட்டாயம். அங்கிருந்து பேராசிரியராக இன்னும் 3 ஆண்டு. கூட்டினால், முனைவர் பட்டத்தோடு சேர்ந்தவர் எங்கும் தடுக்கி விழாமல் போனால் 15 ஆண்டு. எனக்கு 21 ஆனது. காரணம் பின்னால் வரும்.

மூன்றாம் படி: கற்பித்தலை அளக்கும் முறை

இந்த இடத்தில் விதி வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. ஒதுக்கப்பட்ட வகுப்புகளில் எத்தனை எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்கிறது. 80 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் 'நன்று', 70-லிருந்து 80-க்குள் என்றால் 'நிறைவு', 70-க்குக் கீழே போனால் 'நிறைவில்லை'. நன்றாக நடத்தினீர்களா, பின்வரிசைப் பையனுக்குப் புரிந்ததா என்றெல்லாம் அந்த அட்டவணை கேட்பதில்லை. நல்லாசிரியருக்கும் மஞ்சள் பூத்த குறிப்பேட்டைப் படித்து ஒப்பிக்கிறவருக்கும் அங்கே ஒரே மதிப்பெண்தான். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது, ஆனால் விண்ணப்பத்தில் உடன்பாட்டுக்கு இடம் விடவில்லை.

நம் மாவட்டத்தில் இந்த விழுக்காடு இடறக்கூடிய ஓர் இடம் உண்டு. உள்ளூர் விடுமுறை இங்கே அதிகம். டிசம்பர் 3-ல் கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேர், மாசியில் அய்யா வைகுண்டர் அவதார தினம் என்று வந்துகொண்டே இருக்கும். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை வலுத்தால் ஆட்சியரின் மழை விடுமுறை வேறு. இவற்றை ஈடுகட்டச் சனிக்கிழமைகளில் நாம் வகுப்பு எடுக்கிறோம், ஆனால் அதை எழுதிவைப்பதில்லை. 'ஒதுக்கப்பட்ட வகுப்புகள்' என்ற எண்ணைக் கால அட்டவணையிலிருந்து கணக்கிடும் ஒருவர் விடுமுறைகளைக் கழிக்காமல் விட்டால் உங்கள் விழுக்காடு தானாக இறங்கிவிடும். ஆகவே பருவம் முடிந்ததும் ஒரு பக்கத்தில் நான்கு எண்களை எழுதுங்கள்: கால அட்டவணைப்படி வர வேண்டிய வகுப்புகள், விடுமுறையால் போனவை, ஈடாக எடுத்தவை, மொத்தம் எடுத்தவை. துறைத்தலைவரிடம் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள். நான்கு வருடம் கழித்து வாங்கலாம் என்று விட்டால் அவர் ஓய்வுபெற்று மகனோடு பெங்களூரில் இருப்பார்.

மகப்பேறு விடுப்பு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு, மருத்துவ விடுப்பு, படிப்பு விடுப்பு, அயற்பணி ஆகிய காலங்களை இந்த மதிப்பீட்டிலிருந்து கழித்துவிட வேண்டும் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. பெண் ஆசிரியர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளலாம். மகப்பேறு விடுப்பு எடுத்த வருடத்துக்கு 'நிறைவில்லை' என்று ஒரு கல்லூரி எழுதி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பத்தியைச் சுட்டிக்காட்டி ஒரு மனு கொடுத்ததும் திருத்தினார்கள்.

நான்காம் படி: சேவை என்ற பெட்டி

'கல்லூரிப் பணிகளும் மாணவர் தொடர்பான பணிகளும்' என்ற தலைப்பில் ஏழு வகைகள் இருக்கின்றன. துறைத்தலைவர், ஒருங்கிணைப்பாளர், விடுதிக் காப்பாளர் போன்ற நிர்வாகப் பொறுப்பு. தேர்வுப் பணியும் விடைத்தாள் திருத்தலும். நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு, மாணவர் மன்றம், களப்பயணம், சமூகப்பணி. கருத்தரங்கு நடத்துதல். முனைவர் பட்ட மாணவரை வழிநடத்துதல். ஆய்வுத்திட்டம். ஆண்டில் குறைந்தது ஓர் ஆய்வுக் கட்டுரை. இந்த ஏழில் ஓர் ஆண்டில் மூன்றில் ஈடுபட்டிருந்தால் 'நன்று', ஒன்றோ இரண்டோ என்றால் 'நிறைவு', ஒன்றுமே இல்லையென்றால் 'நிறைவில்லை'.

இதில் மறைந்திருக்கும் பொருளைப் பாருங்கள். விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போகாத ஆசிரியர் நம்மில் அரிது. ஆக ஒரு கட்டம் எல்லாருக்கும் நிரம்பிவிடுகிறது. மீதி இரண்டுக்காக ஓடி ஓடி உடலை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே வகையில் பத்து வேலை செய்தாலும் அது ஒரு வகைதான். நாட்டு நலப்பணித் திட்டம், செஞ்சுருள் சங்கம், சுற்றுச்சூழல் மன்றம் மூன்றையும் தோளில் சுமந்து தேய்ந்துபோன என் நண்பர் ஒருவருக்கு அந்த வருடம் ஒரு கட்டம்தான் நிரம்பியது. பக்கத்து அறைக்காரர் தாள் திருத்தினார், ஒரு நாள் கருத்தரங்கு நடத்தினார், ஒரு கட்டுரை எழுதினார். மூன்று கட்டம். நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆனால் சேவையை வெறும் கட்டம் நிரப்பும் வேலையாக்குகிறவர்கள் நம் மாவட்டம் தருவதை இழக்கிறார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர் முதல் குளச்சல் வரையான கடற்கரை ஊர்களுக்கு நம் மாணவர்கள் போனார்கள். வீடுவீடாகக் கணக்கெடுத்தார்கள், விண்ணப்பம் எழுதிக்கொடுத்தார்கள். அந்தக் கணக்கெடுப்பு ஒழுங்காகத் தொகுக்கப்பட்டிருந்தால் அது சேவையாகவும் இருந்திருக்கும், மாணவர் களப்பணியாகவும் இருந்திருக்கும், பின்னால் ஒரு சமூகவியல் கட்டுரையாகவும் ஆகியிருக்கும். எங்களில் பலர் கிருமிநாசினிப் பாட்டிலோடும் கைப்பேசிப் படங்களோடும் திரும்பிவந்தோம். குறிப்பேடு கொண்டுபோனவர் ஒருவர். அவருடைய கோப்புதான் பிற்பாடு தடித்தது.

சுசீந்திரம்–தேரூர் குளங்கள் 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. விலங்கியல் துறை மாணவர்களை மாதம் ஒரு காலை அங்கே கூட்டிப்போய்ப் பறவை எண்ணச் செய்தால் மூன்று வருடத்தில் யாரும் குறை சொல்ல முடியாத தரவு கிடைக்கும். தோவாளைப் பூச்சந்தை வணிகவியல் துறைக்கு, வில்லுப்பாட்டு தமிழ்த்துறைக்கு, தோள்சீலைப் போராட்டத்தின் ஊர்நினைவுகள் வரலாற்றுத் துறைக்கு. ஒரே உழைப்பை மூன்று பெட்டியிலும் வைக்கும் கலை இதுதான்.

ஆதாரமாக என்ன வேண்டும்? முதல்வர் கையெழுத்திட்ட நியமனக் கடிதம், நிகழ்ச்சிச் சுற்றறிக்கை, வருகைப் பதிவு, அரைப் பக்க அறிக்கை. இவ்வளவு போதும். சால்வை போர்த்தும் புகைப்படங்களைக் குழுவில் யாரும் பார்ப்பதில்லை.

ஆண்டு மதிப்பீடு என்பது கற்பித்தலையும் இந்தப் பணிகளையும் சேர்த்துப் பார்ப்பது. நிலை 11-க்குப் போக 4 ஆண்டில் 3, அல்லது 5-ல் 4, அல்லது 6-ல் 5 ஆண்டுகள் 'நிறைவு' அல்லது 'நன்று' இருக்க வேண்டும். நிலை 12-க்கு 5-ல் 4. அதற்கு மேலே 3-ல் 2. ஒரு கெட்ட வருடத்தை விதியே மன்னிக்கிறது. இரண்டாவதை மன்னிக்காது.

ஐந்தாம் படி: ஆய்வு, எல்லாரும் தடுக்கி விழும் வாசல்

கல்லூரி ஆசிரியருக்கு ஒரு நற்செய்தி. இணைப் பேராசிரியர் வரை விதியில் ஆய்வு மதிப்பெண் கேட்கப்படவில்லை. பேராசிரியராகும்போதுதான் மொத்தம் 10 ஆய்வு வெளியீடுகளும், அவற்றில் 3 மதிப்பீட்டுக் காலத்துக்குள் வந்த கட்டுரைகளும், 110 ஆய்வு மதிப்பெண்ணும் வேண்டும். பல்கலைக்கழகத் துறையில் இருப்பவருக்கு நிலை 11-க்கே 1 கட்டுரை, நிலை 12-க்கு 3, இணைப் பேராசிரியராக 7 வெளியீடுகளும் 70 மதிப்பெண்ணும், பேராசிரியராக 10 வெளியீடுகளும் 110 மதிப்பெண்ணும். அங்கே முனைவர் பட்ட மாணவரை வழிநடத்திய சான்றும் கேட்பார்கள்.

இந்த நற்செய்தியே கல்லூரி ஆசிரியருக்குப் பொறியாகவும் ஆகிவிடுகிறது. பன்னிரண்டு வருடம் ஆய்வு கேட்கவில்லையே என்று இருந்துவிட்டு, கடைசி மூன்று வருடத்தில் பத்துக் கட்டுரைக்காக அலைகிறவர்களைத்தான் போலி இதழ்க்காரர்கள் பிடிக்கிறார்கள். 'மூன்று நாளில் வெளியீடு, இரண்டாயிரம் ரூபாய்' என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தி யாரைத் தேடி வருகிறது என்று நினைக்கிறீர்கள்?

மதிப்பெண் கணக்கு இப்படி. சக ஆய்வாளர் மதிப்பீடு செய்யும் இதழில் ஒரு கட்டுரைக்கு அறிவியல் துறைகளில் 8, மொழி, கலை, சமூக அறிவியல், வணிகவியலில் 10. இதழின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோளாகின்றன என்ற எண்ணைப் பொறுத்துக் கூடுதல் உண்டு: காரணி இல்லாத இதழ் 5, ஒன்றுக்குக் குறைவு 10, ஒன்றிலிருந்து இரண்டு 15, இரண்டிலிருந்து ஐந்து 20, ஐந்திலிருந்து பத்து 25, அதற்கு மேல் 30. தாக்கக் காரணி என்றால் விதி சொல்வது தாம்சன் ராய்ட்டர்ஸ் பட்டியல், இப்போது அது கிளாரிவேட் கையில் இருக்கிறது. இதழே தன் அட்டையில் '6.8' என்று தடித்த எழுத்தில் போட்டுக்கொள்ளும் எண் அல்ல. அட்டையில் எண் எவ்வளவு தடிமனோ அவ்வளவு சந்தேகப்படுங்கள்.

கூட்டாக எழுதினால் பங்கு பிரிகிறது. இருவர் என்றால் ஆளுக்கு 70 விழுக்காடு. இருவருக்கு மேல் என்றால் முதல் ஆசிரியருக்கோ, இதழோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் தொடர்பு ஆசிரியருக்கோ 70 விழுக்காடு, மற்ற ஒவ்வொருவருக்கும் 30.

எண்ணில் பார்த்தால்தான் இதன் வலி தெரியும். வேதியியல் ஆசிரியர் ஒருவர் தாக்கக் காரணி 3 உள்ள இதழில் எழுதுகிறார். 8-ம் 20-ம் சேர்ந்து 28. ஐந்து பேரில் அவர் நான்காவது பெயர் என்றால் கிடைப்பது 8.4. அப்படிப் பத்துக் கட்டுரை எழுதினாலும் 84-தான், 110 வராது. அதே பத்தில் நான்கில் அவர் தொடர்பு ஆசிரியராக இருந்தால் அவற்றுக்கு 19.6 வீதம் 78.4, மீதி ஆறுக்கு 50.4, ஆக 128.8. உழைப்பு ஒன்றுதான், பெயர் எங்கே வருகிறது என்பதில் 45 மதிப்பெண் வித்தியாசம். ஆய்வு தொடங்கும் நாளிலேயே யார் முதல், யார் தொடர்பு ஆசிரியர் என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு பேசினால் நட்பும் போகும், மதிப்பெண்ணும் போகும்.

தமிழாசிரியர்கள் தாழ்வு மனப்பான்மை கொள்ள வேண்டாம். தாக்கக் காரணி இல்லாத, ஆனால் மதிப்பீட்டு முறை உள்ள இதழில் தனியாக எழுதிய கட்டுரைக்கு 10-ம் 5-ம் சேர்ந்து 15. ஏழு கட்டுரைக்கு 105. தேசிய அளவிலான பதிப்பகத்தில் ஒரு நூல் 10. பட்டம் பெற்ற ஒரு முனைவர் மாணவர் 10. மொத்தம் 125. பத்து வெளியீடு என்ற எண்ணிக்கையை மட்டும் தனியாக நிரப்ப வேண்டும். தனியாக உட்கார்ந்து எழுதும் நம் மரபுக்கு விதி தெரியாமலே செய்திருக்கும் உபகாரம் இது.

ஆனாலும் கட்டுரைகளை மட்டும் குவித்துப் பயனில்லை. மொத்தம் ஆறு வகைகளில் குறைந்தது மூன்றிலிருந்து மதிப்பெண் வந்திருக்க வேண்டும். கட்டுரை ஒன்று. நூல், நூலின் ஓர் இயல், மொழிபெயர்ப்பு ஆகியவை இரண்டாவது: நூலில் ஓர் இயலுக்கு 5, மொழிபெயர்த்த நூலுக்கு 8. மலையாளமும் தமிழும் ஒருசேரப் புழங்கும் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆசிரியர்கள் அந்த 8-ஐ ஏன் எடுப்பதில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மூன்றாவது, இணையவழிப் பாடங்களும் புதிய பாடத்திட்டமும்: நான்கு பகுதிகளும் கொண்ட முழு இணையப் பாடத்துக்கு 20, ஒரு பாடத்திட்டத்துக்கு 2. நான்காவது, ஆய்வு வழிநடத்தலும் திட்டங்களும்: பட்டம் பெற்ற மாணவருக்கு 10, ஆய்வேடு சமர்ப்பித்தவருக்கு 5, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட திட்டம் முடித்தால் 10, அதற்குக் கீழே 5. ஐந்தாவது காப்புரிமை, கொள்கை ஆவணம், விருது. ஆறாவது அழைப்புச் சொற்பொழிவு: தேசிய அளவில் 3, மாநில அளவில் 2. கொள்கை ஆவணத்துக்கும் சொற்பொழிவுக்கும் சேர்த்து மொத்த மதிப்பெண்ணில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மேடையேறியே பேராசிரியராகிவிட முடியாது என்பதற்கான பூட்டு அது.

வழிகாட்டியாக எத்தனை பேரை எடுக்கலாம்? 2022 முனைவர் பட்ட விதிகளின்படி பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4. நான்கு இடம் இருக்கிறதே என்று முதல் வருடமே நான்கு பேரைச் சேர்த்துவிடாதீர்கள். பாதியில் போகிறவர்கள்தான் அதிகம். அவர்களால் மதிப்பெண்ணும் இல்லை, இடமும் அடைபட்டுக் கிடக்கும்.

இதழ்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் எவை என்று காண 2019 முதல் எல்லாரும் நம்பியிருந்த யு.ஜி.சி. கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் மானியக் குழு நிறுத்திவிட்டது. இனி இதழ் நல்லதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு கல்லூரிக்கும் உங்களுக்கும். பட்டியல் இருந்த காலத்தில் வெளிவந்த கட்டுரை என்றால், அன்று அந்த இதழ் பட்டியலில் இருந்ததைக் காட்டும் தேதியிட்ட பக்கம் உங்களிடம் இருக்க வேண்டும். என் ஆறு வருடத் தாமதம் இங்கேதான் தொடங்கியது. ஒரு பழைய ஆய்விதழின் பெயரையும் அட்டையையும் அப்படியே திருடி நடத்தப்பட்ட போலி இணையதளத்துக்கு என் இரண்டு கட்டுரைகளை அனுப்பிப் பணமும் கட்டினேன். குழுவில் அது தெரிந்த நாளில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே கூசியது. இதழின் முகவரியை நூலகத்தில் இருக்கும் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டிருந்தால் பத்து நிமிட வேலை.

கருத்துத் திருட்டு பற்றிய 2018 விதிகள் ஒத்திருப்பு 10 விழுக்காடு வரைதான் பொறுத்துக்கொள்கின்றன. சமர்ப்பிப்பதற்கு முன்பே மென்பொருள் அறிக்கை எடுத்துக் கோப்பில் போடுங்கள்.

ஆறாம் படி: பயிற்சிகள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிலை 11-க்கு ஓரியண்டேஷன் என்ற 21 நாள் அறிமுகப் பயிற்சி ஒன்றும், அதோடு ரிஃப்ரெஷர் என்ற புத்தாக்கப் பயிற்சி அல்லது அதற்கு மாற்றாக ஒருவாரப் பயிற்சி, சுவயம் என்ற அரசு இணையதளத்துப் பாடம் போன்ற ஒன்றும். நிலை 12-க்கு இரண்டு, இணைப் பேராசிரியராக இருவார அளவில் ஒன்று. முன்பு மனிதவள மேம்பாட்டு மையம் என்று அழைக்கப்பட்டவை இப்போது மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள். நமக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஒரு பக்கம், காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகம் இன்னொரு பக்கம். மார்த்தாண்டத்துக்காரருக்குக் காரியவட்டம்தான் பக்கம்.

ஒரே எச்சரிக்கை: சான்றிதழின் தேதி மதிப்பீட்டுக் காலத்துக்குள் விழ வேண்டும். நிலை 11-ன் காலத்தில் முடித்த கூடுதல் ரிஃப்ரெஷரை நிலை 12-க்குச் சேமித்துவைக்க முடியாது, பயிற்சி என்ன வங்கி வைப்பா?

ஏழாம் படி: கோப்பு

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஜூனில் நனைந்த காகிதம் அக்டோபர் வரை காயாது. இரும்பு அலமாரியில் வைத்தால் பூஞ்சை, மர அலமாரியில் வைத்தால் கரையான். என் முதல் நான்கு வருடத்துச் சான்றுகளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. ஆகவே எதையும் வாங்கிய அன்றே ஸ்கேன் செய்து, பெயரில் தேதி வரும்படி சேமியுங்கள். '2024-08-17 விடைத்தாள் திருத்தல்' என்பதுபோல. அச்சுக் கோப்பை ஆண்டுவாரியாகப் பிரியுங்கள், வகைவாரியாக வேண்டாம். மதிப்பீடு ஆண்டுக்கு ஆண்டு நடப்பதால் குழுவும் அப்படித்தான் புரட்டும்.

தடிமன் பலம் அல்ல. நானூறு பக்கக் கோப்பைச் சுமந்து வருகிறவரைப் பார்த்தாலே குழுவினர் தேநீர் கேட்டுவிடுவார்கள். முதல் பக்கத்தில் ஒரு பொருளடக்கம், கோரும் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்க எண், பின்னால் நாற்பது ஐம்பது பக்க ஆதாரம். அவ்வளவுதான்.

எட்டாம் படி: விண்ணப்பமும் குழுவும்

தகுதித் தேதிக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்ததற்கு அத்தாட்சியாகத் தேதி முத்திரையோடு ஒரு நகல் வாங்குங்கள். முதல்வர் அறைக்கு நேரில் போய்க் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது மரியாதையாகத் தோன்றும், ஆனால் இரண்டு வருடம் கழித்து அந்த மரியாதையை யாருக்கும் காட்ட முடியாது.

நிலை 11-க்கும் 12-க்கும் கூர்ந்தாய்வு மதிப்பீட்டுக் குழு. கல்லூரியில் முதல்வர், துறைத்தலைவர், துணைவேந்தர் நியமிக்கும் இரண்டு பாட வல்லுநர்கள் இருப்பார்கள். இணைப் பேராசிரியர், பேராசிரியர் நிலைகளுக்குத் தேர்வுக் குழு. உதவிபெறும் கல்லூரிக் கோப்பு அங்கிருந்து கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகம் வழியாகப் பயணம் போகும். எங்கே நிற்கிறது என்று மாதம் ஒருமுறை எழுத்தில் கேளுங்கள், தொலைபேசியில் மட்டும் கேட்காதீர்கள்.

முதல் மதிப்பீட்டிலேயே தேறிவிட்டால், குழு எப்போது கூடினாலும் பதவி உயர்வு தகுதி பெற்ற தேதியிலிருந்து கிடைக்கும். தேறாவிட்டால் மறுமதிப்பீட்டுக்குக் குறைந்தது ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், அப்போது உயர்வு பிறகு தேறிய தேதியிலிருந்துதான். அரைகுறைக் கோப்போடு அவசரமாகப் போவதைவிட, ஒரு கட்டுரை வெளிவரும் வரை மூன்று மாதம் பொறுத்து, தகுதி முழுமையான தேதியைப் போட்டு விண்ணப்பிப்பது லாபம். என் தாமதத்தில் பாதி இந்தக் கணக்குத் தெரியாததால் வந்தது.

2025 ஜனவரியில் மானியக் குழு ஒரு புதிய வரைவை வெளியிட்டது. துணைவேந்தர் நியமனப் பிரிவுகளுக்காகத் தமிழ்நாடு சட்டப்பேரவை அதே மாதம் 9-ம் தேதி அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தச் சத்தத்தில் பதவி உயர்வுப் பகுதியை யாரும் சரியாகப் படிக்கவில்லை. மதிப்பெண் அட்டவணையைக் கைவிட்டு ஒன்பது வகைப் பங்களிப்புகளில் நான்கையாவது காட்ட வேண்டும் என்கிறது வரைவு. இந்திய மொழிகளில் கற்பித்தல், சமூக ஈடுபாடு, மாணவர் திட்டங்களை வழிநடத்துதல், ஆய்வகம் உருவாக்குதல் ஆகியவை அந்த ஒன்பதில் அடக்கம். வரைவு எப்படி முடிந்தாலும், தமிழ் வழியில் நடத்தும் பாடங்களுக்கான குறிப்புகளையும் ஊர்க் களப்பணி அறிக்கைகளையும் இப்போதே தேதியோடு சேர்த்துவைப்பதில் நட்டமில்லை.

ஆணை கையில் வந்ததும் இனிப்பு வாங்கும் முன் மூன்றைச் சரிபாருங்கள். உயர்வு நடைமுறைக்கு வரும் தேதி, சம்பள நிர்ணயம், பணிப்பதிவேட்டில் பதிவு. தேதி முக்கியம். குழு கூடி, கோப்பு நகர்ந்து, ஆணை வருவதற்குள் இரண்டு வருடம் ஓடியிருக்கலாம். அப்படியானால் அடுத்த நிலைக்கான ஐந்து வருடத்தில் இரண்டு உங்களுக்குத் தெரியாமலே கழிந்துவிட்டது. அந்த இரண்டு வருடத்தில் நீங்கள் எடுத்த வகுப்புகளும் திருத்திய தாள்களும் எழுதிய கட்டுரைகளும் அடுத்த கோப்புக்கு உரியவை. பழைய பையிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்துப் புதிய உறையில் போட்டு, மேலே அந்தத் தேதியை எழுதிவிடுங்கள்.